மதகுக்கு என்ன நிறம்? நெடுஞ்சாலையோர நிலத்தின் வகைப்பாட்டை மாற்றும் திட்டக் குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

திட்டக் குழும உறுப்பினர்களுக்கும் உறுப்பினர் செயலருக்கும்,

டீக்கடையில் வடைக்குக் கிழித்துக் கொடுத்த பேப்பரில்தான் உங்கள் அறிவிப்பை நான் பார்த்தேன். பாதி எண்ணெயில் ஊறியிருந்தது. எங்கள் ஊர் உட்பட நெடுஞ்சாலையோரக் கிராமங்களின் நிலப் பயன்பாட்டை விவசாயத்திலிருந்து தொழிற்சாலைக்கும் குடியிருப்புக்கும் மாற்ற உத்தேசித்திருப்பதாகவும், ஆட்சேபணை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்றும் அதில் இருந்தது. அன்றைக்குக் கடைசித் தேதிக்கு 9 நாள்தான் இருந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் ஒட்டவில்லை, தண்டோரா போடவில்லை. ரேஷன் கடையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்திருக்கும்.

நான் மதுராந்தகம் வட்டத்துக்காரன். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை எங்கள் ஊரை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. ஊர்ப் பெயரை வேண்டுமென்றுதான் எழுதவில்லை. உங்கள் கோப்பில் இருக்கிறது. இந்தச் சாலையில் வேறு எந்த ஊரின் பெயரைப் போட்டுப் படித்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது. பத்திர ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஏரிக்குக் கீழே 80 சென்ட் நஞ்சை உண்டு, அப்பா வழியில் வந்தது. சம்பாவும் நவரையும் போடுகிறேன். ஏரியில் தண்ணீர் மிச்சமிருக்கும் வருஷம் சொர்ணவாரியும் உண்டு.

ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு ஒரு வசதி. யார் நிலம் யாரிடம் போகிறது என்பது பத்திரம் பதிவாவதற்கு முன்பே தெரிந்துவிடும். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, பவர் பத்திரம் எல்லாம் என் மெஷின் வழியாகத்தான் போகின்றன. உங்கள் அறிவிப்பு வருவதற்கு எட்டு மாதம் முன்பிருந்தே எங்கள் ஊர் சர்வே நம்பர்களுக்குப் பவர் பத்திர நகல்கள் வர ஆரம்பித்துவிட்டன. வாங்கினவர்கள் எல்லாரும் வெளியூர். நிலம் தொழிற்சாலைக்கான ஊதா நிறத்துக்கு மாறப்போவது ஊர்க்காரனுக்கு வடை பேப்பரில் தெரிகிறது. அவர்களுக்கு எப்படி முன்னாலேயே தெரிந்தது? அதை விசாரிக்க எனக்கு அதிகாரமில்லை. உங்களுக்கு இருக்கிறது.

வரைபடத்தைப் பார்வைக்கு வைத்திருக்கும் இடத்துக்கு, ஒரு நாள் கடையை மூடிவிட்டு இரண்டு பஸ் மாறி வந்தேன். சுவரில் மாட்டியிருந்தது. எங்கள் ஊர் அதில் என் உள்ளங்கை அகலம். சர்வே நம்பர்கள் எறும்பு ஊர்ந்த மாதிரி. பணம் கட்டி ஒரு பிரதி வாங்கி வந்து, ஏ3 தாளில் நாலு துண்டாகப் பெரிதாக்கி டேப் போட்டு ஒட்டினேன். கிராம வரைபடத்தை அதே அளவுக்கு டிரேசிங் தாளில் எடுத்து மேலே விரித்தேன். ராத்திரி பதினோரு மணி வரை ஆனது.

நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு பக்கமும் ஏறக்குறைய 500 மீட்டருக்கு, விவசாயம் என்று பச்சையாக இருந்ததெல்லாம் நிறம் மாறியிருக்கிறது. கிழக்கே ஊதா, தொழிற்சாலை. மேற்கே மஞ்சள், குடியிருப்பு. அடிஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல அந்தப் பட்டை நேராக ஓடுகிறது. மேடு, பள்ளம், கால்வாய் எதற்கும் வளையவில்லை. எங்கள் ஏரியின் ஆயக்கட்டில், அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தில், பாதிக்கு மேல் அதற்குள் வந்துவிட்டது. ஏரி நீல நிறத்தில் இருக்கிறது, சரி. ஏரியிலிருந்து புறப்படும் எதுவும் இல்லை. மூன்று மதகும் இல்லை, மதகிலிருந்து போகும் பாசனக் கால்வாய்களும் இல்லை. ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம் கலங்கல். அதிலிருந்து போகும் ஓடை வருவாய்க் கணக்கில் ஓடைப் புறம்போக்கு, அதற்குத் தனி சர்வே நம்பரே உண்டு. உங்கள் படத்தில் அது பாதி மஞ்சள், பாதி ஊதா. சொம்பில் பிடித்து மூலையில் வைத்த தண்ணீர் மாதிரி ஏரியைத் தனியாக வைத்திருக்கிறீர்கள்.

செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சொல்வது உங்களுக்குத் தெரிந்ததுதான். நீர்வளத் துறைக் கணக்கில் மட்டும் இந்த மாவட்டத்தில் 528 ஏரிகள். ஊராட்சிகளின் ஏரி, குளம், தாங்கல் எல்லாம் தனி. மேல் ஊர் ஏரியின் கலங்கல் வழிந்தால் எங்கள் ஏரிக்கு வரும். எங்கள் கலங்கல் வழிந்தால் நெடுஞ்சாலைக்கு அடியில் புகுந்து கீழ் ஊர் ஏரிக்குப் போகும். ஒரு ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவே தண்ணீர் தங்கி, ஊறி, நிதானமாக இறங்கிப் போகிற இடம் ஆயக்கட்டுக் கழனி.

கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி எங்கள் ஊரில் தங்கிப் பாருங்கள். ஏரி நிறைந்தால் கலங்கல் இரைச்சல் தெருவரை கேட்கும். பையன்கள் வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு கெண்டைக்காக நிற்பார்கள். நாங்கள் டார்ச்சும் மண்வெட்டியுமாகக் கழனிக்கு ஓடுவோம். மேல் கழனி நிரம்பியதும் மடையை ஒரு கொத்து கொத்தி விட்டால் தண்ணீர் அடுத்த கழனிக்கு இறங்கும், அது நிரம்பியதும் அதற்கடுத்தது. இப்படிக் கைமாறிக் கைமாறி அந்தத் தண்ணீர் சாலையைத் தொடுவதற்குள் அதன் வேகம் செத்துவிடும்.

கடை கால்குலேட்டரில் கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கர் கழனியில் அரை அடி தண்ணீர் நின்றால் ஏறக்குறைய 6 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 50 லாரி. ஒரே ஒரு ஏக்கருக்கு இது. அந்த ஏக்கரில் கிராவல் கொட்டி மேடாக்கி மனை பிரித்தால் 50 லாரித் தண்ணீரும் பக்கத்து ஏக்கருக்குப் போகும். அதையும் மேடாக்கினால்? கடைசியில் சாலைக்கு, அல்லது யார் வீடு தாழ்வோ அந்த வீட்டுக்கு.

இது ஊகமில்லை. எங்கள் ஊரிலேயே ஒரு சின்ன ஒத்திகை நடந்து முடிந்திருக்கிறது.

பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்பு சாலையை ஒட்டிய மூன்று ஏக்கரை ஒருவர் வாங்கி லே-அவுட் போட்டார். அங்கீகாரம் கிடையாது. சிமென்ட் ஆர்ச் கட்டி ‘நகர்’ என்று பெயர் எழுதி, மஞ்சள் அடித்த கல் நட்டு, கலர் கலராகக் கொடி கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வேனில் ஆட்களை அழைத்து வந்து மதியச் சாப்பாடு போட்டு அட்வான்ஸ் வாங்கினார்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. அதில் இதுவும் முறையாகிவிட்டது. காகிதத்தில் எல்லாம் சரி. மனை வாங்கின நாற்பது பேரில் வீடு கட்டினவர்கள் இரண்டு பேர். மிச்சத்தில் சீமைக் கருவேலம். ஆர்ச் மட்டும் நிற்கிறது, ‘பேஸ் 1’ என்ற எழுத்தோடு.

அந்த லே-அவுட்டுக்குப் பாதை போடும்போது நடு மதகுக் கால்வாயை மூடினார்கள். குழாய் வைக்கிறோம் என்று சொல்லி, கால்வாய் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே வைத்தார்கள். தண்ணீர் மேட்டில் ஏறுமா? பாதைக்குக் கீழே இருந்த பதினோரு ஏக்கருக்கு அன்றோடு ஏரித் தண்ணீர் நின்றது. பாதைக்கு மேலே இருந்த கழனிகளில் தண்ணீர் தேங்கி நாற்று அழுகியது. என் 80 சென்ட் மேலே இருக்கிறது. இரண்டு நவரை போனது. அப்புறம் நாங்களே ஜே.சி.பி.க்குப் பணம் வசூல் செய்து பக்கவாட்டில் ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டோம்.

மூன்று ஏக்கர் லே-அவுட் செய்த வேலை இது. நீங்கள் ஒரே கையெழுத்தில் மாற்றப்போவது எங்கள் ஊரில் மட்டும் நூறு ஏக்கருக்கு மேல்.

இன்னொன்றும் நடக்கும், அதையும் அந்த இரண்டு வீட்டுக்காரர்களிடம்தான் பார்த்தேன். நல்லவர்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. மழைக்காலத்தில் வீட்டு வாசலில் தண்ணீர் நின்றால் அவர்கள் யாரிடம் போவார்கள்? மதகைத் திறக்காதே, கலங்கலை உடைத்து மட்டத்தைக் குறை என்று மனுக் கொடுத்தார்கள். கொடுக்கத்தானே செய்வார்கள். இரண்டு வீட்டுக்கு இப்படியென்றால் இரண்டாயிரம் வீடு வந்த பிறகு ஏரியை நிறைய விடுவார்களா? நிறையாத ஏரிக்கு மதகு எதற்கு, கரை எதற்கு என்ற கேள்வி அப்புறம் தானாக வரும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு உண்டு. அங்கே நின்று பார்த்தால் லேக் எதுவும் தெரியாது. அந்தப் பகுதியில் இருந்த பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் போன நூற்றாண்டில் தியாகராய நகரை அமைத்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியில் நின்று படகுக்காகக் கையாட்டியவர்கள் யாரும் ஆற்றுக்கு நடுவில் வீடு கட்டியவர்கள் இல்லை. வங்கிக் கடன் வாங்கி மனை வாங்கின நடுத்தரக் குடும்பங்கள். நாளைக்கு உங்கள் மஞ்சள் பட்டையில் மனை வாங்கப்போகிறவர்களும் அவர்களேதான். அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஊரே திரண்டு எதிர்க்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். விற்க நினைக்கிறவர்கள் நிறைய. என் தம்பியே விற்றுவிடலாம் என்கிறான். நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு மழைக்குப் பயந்து தார்ப்பாய் பிடித்து உட்கார்ந்திருக்கும் வேலையை எத்தனை வருஷம் செய்வது? பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்கு இன்ஜினியரிங் ஃபீஸ் என்றால் நிலம்தான் விற்க இருக்கிறது. அவர்களைத் தடுக்க எனக்கு உரிமையில்லை, தடுக்கவும் மாட்டேன். வேலை வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. அக்கா மகன் 30 கிலோமீட்டர் தள்ளி ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருக்கிறான். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை வேலையை விட்டு நிறுத்தி, பத்து நாள் கழித்து புது ஆள் மாதிரி மறுபடி சேர்த்துக்கொள்கிறார்கள். அதுவும் இல்லாமல் இருப்பதற்கு அது மேல் என்பான். ஆகவே தொழிற்சாலையே வராதே என்பது என் கட்சி இல்லை. எங்கே என்பதுதான் கேள்வி. எங்கள் வட்டத்தில் ஏரிப் பாசனமே இல்லாத மேட்டுப் புஞ்சை எத்தனையோ கிடக்கிறது, கல்லும் கருவேலமுமாக. நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். ஒரு இணைப்புச் சாலை போட்டால் முடிகிற வேலை.

உங்கள் திட்டத்தில் குடியிருப்பை ஒரு பக்கமும் தொழிற்சாலையை எதிர்ப்பக்கமும் வைத்திருக்கிறீர்களே, நடுவில் இருப்பது நாலு வழிச்சாலை. வேலைக்குப் போகிறவர் எப்படிக் கடப்பார்? இப்போதே பள்ளிக்கூடம் மேற்கே, காலனி கிழக்கே. காலையில் பிள்ளைகள் நடுத்திட்டில் பையோடு நிற்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். சாலையை அகலப்படுத்திய நாளிலிருந்து சுரங்கப்பாதை கேட்டுக்கொண்டிருக்கிறோம். கிடைத்தது ஒரு மஞ்சள் விளக்கு. அதுவும் மழையில் எரியாது.

காலனியின் சுடுகாடும் அதற்குப் போகும் பாதையும் உங்கள் படத்தில் ஊதா நிறத்தில் இருக்கின்றன. டிரேசிங் தாளை மூன்று முறை எடுத்துவிட்டு வைத்துப் பார்த்தேன், சந்தேகமேயில்லை. அதை ஒட்டிய சில சர்வே நம்பர்கள் பஞ்சமி நிலம் என்று காலனிப் பெரியவர்கள் சொல்கிறார்கள். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமன்கீர் 1891-இல் எழுதிய அறிக்கையை வைத்து, 1892-இல் வெள்ளைக்கார அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கியது அந்த நிலம். மற்றவர்களுக்கு விற்க முடியாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது. இந்த மண்ணிலிருந்து புறப்பட்ட உத்தரவு அது. பஞ்சமி நிலத்தைக் கேட்டு 1994-இல் காரணையில் இரண்டு உயிர் போனதும் இந்த மண்ணில்தான். இப்படிப்பட்ட மாவட்டத்தில் நில வகைப்பாட்டை மாற்றும்போது பஞ்சமி நிலம் எது என்று ஒரு பட்டியல்கூட இணைக்கவில்லை என்றால் எப்படி?

இங்கிருந்து வேடந்தாங்கல் தூரமில்லை. அங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரைகள் இரை தேடி வருவது எங்களைப் போன்ற ஊர்களின் கழனிக்கு. உழுதுவிட்டுத் தண்ணீர் கட்டினால் டிராக்டருக்குப் பின்னாலேயே வரிசையாக நடந்து நத்தை பொறுக்கும். சரணாலயத்தின் எல்லையைச் சுருக்க 2020-இல் ஒரு முயற்சி நடந்து எதிர்ப்புக் கிளம்பியது உங்களுக்கு நினைவிருக்கும். ஏரியைக் காப்பாற்றிவிட்டுக் கழனியை ஊதாவாக்கினால் பறவை என்ன தின்னும்?

கடைசித் தேதிக்குள் நாற்பத்து மூன்று பேர் ஆட்சேபணை கொடுத்தோம். எல்லாம் என் கடையில் எடுத்த நகல்கள்தான். ஒப்புகை முத்திரையோடு ஒரு கட்டு என்னிடம் இருக்கிறது. நாற்பத்து மூன்று பேருக்கும் ஒரே பதில் வந்தது: ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.’ ஒருவரிடமும் எந்தக் கால்வாய், எந்தச் சர்வே நம்பர் என்று கேட்கவில்லை. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் நீர்நிலைகளைப் பாதுகாப்போம் என்று எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஏரி எங்கள் பொறுப்பு, நிலம் உங்கள் அதிகாரம் என்று பிரித்துக்கொண்டால் ஏரி எப்படி மிஞ்சும்? திட்டப் பகுதிக்கு வெளியே ஒருவர் தன் நஞ்சையை மனையாக்க விண்ணப்பித்தால் வேளாண்மைத் துறையின் கருத்தைக் கேட்கிறார்கள். அந்தக் கடிதங்களுக்கும் நான் நகல் எடுத்திருக்கிறேன். நூறு ஏக்கரை மொத்தமாக மாற்றும்போது அந்தத் துறை என்ன சொன்னது, நீர்வளத் துறை என்ன சொன்னது என்பது உங்கள் அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை.

எங்கள் மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் இருக்கிறது. கரை உடைந்துவிடுமோ என்று பயந்து, கொட்டுகிற மழையில் கலெக்டர் லயனல் பிளேஸ் கரைக்குப் போனதாகவும், அங்கே ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நிற்பதைக் கண்டதாகவும் கதை. ராமர் வந்ததை நம்புவது அவரவர் விருப்பம். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறு. மழை ராத்திரியில் கலெக்டர் கரைக்குப் போயிருக்கிறார்.

ஆகவே நாங்கள் கேட்பது இது. இந்த வரைவை இப்போதுள்ள வடிவில் இறுதி செய்யாதீர்கள், நிறுத்தி வையுங்கள். சாலையிலிருந்து இத்தனை மீட்டர் என்று அளப்பதை விட்டுவிட்டு, முதலில் வரத்துக் கால்வாய், மதகு, பாசனக் கால்வாய், கலங்கல் ஓடை எல்லாவற்றையும் சர்வே நம்பரோடு படத்தில் ஏற்றுங்கள். அவை போகும் ஆயக்கட்டை விவசாயமாகவே விடுங்கள். மிச்சமுள்ள மேட்டு நிலத்தில் எது தொழிற்சாலைக்கு, எது வீட்டுக்கு என்று அப்புறம் பேசுவோம், உட்கார்ந்து பேச நாங்கள் தயார். சுடுகாட்டையும் அதன் பாதையையும், மேய்க்கால், களம் போன்ற புறம்போக்குகளையும் இந்த மாற்றத்திலிருந்து நீக்குங்கள். பஞ்சமி நிலங்களின் பட்டியலை வருவாய்த் துறையிடமிருந்து வாங்கி வெளியிடுங்கள்.

வரைபடத்தைத் தமிழில், சர்வே நம்பர் கண்ணுக்குத் தெரியும் அளவில், ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுங்கள். சிறப்புக் கிராம சபை கூட்டி, அதில் உங்களில் ஒருவர் வந்து பதில் சொன்ன பிறகு ஆட்சேபணைக்கு மறுபடியும் கால அவகாசம் கொடுங்கள். எங்கள் நாற்பத்து மூன்று மனுக்களுக்கும் தனித்தனியாக, காரணத்தோடு பதில் வேண்டும். நீர்வளத் துறையும் வேளாண்மைத் துறையும் இதுபற்றி எழுதிய கடிதங்கள் இருந்தால் வெளியிடுங்கள், இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். அறிவிப்புக்கு முந்தைய ஒரு வருஷத்தில் இந்தப் பட்டைக்குள் பதிவான பவர் பத்திரங்களையும் கிரயங்களையும் விசாரிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் கடக்கச் சுரங்கப்பாதை வரும்வரை சாலையின் இரு பக்கமும் புதிதாக எதற்கும் அனுமதி தராதீர்கள்.

நேரில் வந்து பாருங்கள். கோடையில் வேண்டாம், கோடையில் வந்தால் எல்லாம் காலி மனை மாதிரிதான் தெரியும். கலங்கல் வழிகிற நாளில் வாருங்கள், ஆள் விட்டுச் சொல்லி அனுப்புகிறோம். வரப்பு வழுக்கும், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். உங்கள் வரைபடத்தையும் கொண்டுவாருங்கள். எந்தக் கால்வாய் எங்கே போகிறது என்று இடத்தில் நின்றே அதில் குறித்துக் கொடுக்கிறோம். குறித்ததற்கு ஏ3-யில் எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஏரிக்குக் கீழே 80 சென்ட் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரன்